ட்ரங்க் பச்சையானால் மட்டும் கால் வந்துவிடாது

ஃப்ரீபிபிஎக்ஸில் (அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை நடத்தும் மென்பொருள்) வெளியே போகும் கால்களை அமைப்பது பெரிய விஷயமில்லை. உள்ளே வருகிற கால்கள்தான் உயிரை வாங்கும். எங்கள் அலுவலகத்தில் எஸ்ஐபி ட்ரங்க் (இணையம் வழியாக வரும் தொலைபேசி லைன்) போட்டாயிற்று, திரையில் ‘ரெஜிஸ்டர்டு’ என்றும் வந்துவிட்டது, ஆனால் கைபேசியிலிருந்து கூப்பிட்டால் அந்த எண் சேவையில் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் சொல்கிறது.

அந்தக் குரல் லைன் கொடுத்த நிறுவனத்துடையது அல்ல, நம் சர்வரே பேசுவது. அதாவது கால் நம் வாசல் வரை வந்துவிட்டது, யாரிடம் கொடுப்பது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. இன்பவுண்ட் ரூட்டில் (வருகிற காலை யாரிடம் கொடுப்பது என்று சொல்லும் விதி) டிஐடி எண்ணுக்கு, அதாவது கூப்பிடுகிறவர் டயல் செய்த நம் எண்ணுக்கு, ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் நாம் போட்டதும் நிறுவனம் அனுப்புவதும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். சிலர் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு எல்லாம் சேர்த்து அனுப்புவார்கள், சிலர் முன்னால் ஒரு பூஜ்யத்தோடு, சிலர் வெறும் எண்ணை மட்டும். அவர்கள் கொடுத்த தாளில் இருப்பதை நம்பாதீர்கள். ஃப்ரீபிபிஎக்ஸின் அடியில் ஓடும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளின் கன்சோலைத் திறந்து ‘பிஜேசிப் செட் லாகர் ஆன்’ கட்டளையைக் கொடுத்து, ஒரு கால் போட்டு, கால் வருவதை அறிவிக்கும் ‘இன்வைட்’ செய்தியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எங்களுக்கு வந்த இன்வைட்டின் முதல் வரியில் டிஐடியே இல்லை, ரெஜிஸ்டர் செய்த கணக்கின் பெயர்தான் இருந்தது. உண்மையான எண் சில வரிகள் கீழே ‘டூ’ ஹெடரில் (கால் யாருக்கு என்று சொல்லும் வரி) கிடந்தது. உதவி மையத்தில் கேட்டால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள் (வேறென்ன சொல்வார்கள்!). ட்ரங்கின் கான்டெக்ஸ்டை, அதாவது வருகிற காலை எந்த விதிகளின்படி கையாள்வது என்ற அமைப்பை, ‘டூ’ வரியிலிருந்து எண்ணை எடுக்கும் ‘ஃப்ரம்-பிஎஸ்டிஎன்-டூஹெடர்’ என்று மாற்றியதும் மணி அடித்தது.

டிஐடி, காலர் ஐடி இரண்டையும் காலியாக விட்டால் எல்லாக் காலும் வந்துவிடுமே என்பார்கள். வரும்தான், ஆனால் விற்பனைக்கு ஒரு எண், சர்வீசுக்கு ஒரு எண் என்று இருந்தால் எல்லாம் ஒரே மேசையில் வந்து விழும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனி ரூட் போட்டபிறகு, தப்பி வருகிற கால்களுக்காக மட்டும் அப்படி ஒன்றை ரிசப்ஷனுக்கு வைத்திருக்கிறேன். இதற்காக அடையாளமில்லாத எஸ்ஐபி கால்களை அனுமதிக்கும் வசதியைத் திறந்துவிடாதீர்கள், இணையத்தில் துழாவித் திரியும் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) நடுராத்திரியில் மணி அடிக்கும்.

அப்புறம் இன்னொரு கூத்து: நாம் வெளியே பேசிய கையோடு கூப்பிட்டால் கால் வரும், கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டால் வராது. சும்மா இருக்கும் யுடிபி இணைப்பை (கால் செய்திகள் வந்துபோகும் வழி) ரவுட்டர் மறந்துவிடுவதுதான் காரணம். ட்ரங்கில் குவாலிஃபை இடைவெளியை (நிறுவனத்தின் சர்வரை நம் சர்வர் தட்டிப் பார்க்கும் இடைவெளி) 60 நொடியிலிருந்து 25 ஆகக் குறைத்தோம், ரவுட்டரில் எஸ்ஐபி செய்திகளில் கை வைக்கும் எஸ்ஐபி ஏஎல்ஜி வசதியை அணைத்தோம், சரியாகிவிட்டது. மணி அடித்து, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால், அது ரூட் சமாசாரமே இல்லை, என்ஏடி (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ஏற்பாடு) அமைப்பில் வெளி ஐபி முகவரி சரியா, குரலைச் சுமக்கும் ஆர்டிபிக்கான 10000 முதல் 20000 வரையிலான யுடிபி போர்ட்கள் வழிவிடுகின்றனவா என்று பாருங்கள்.

பழைய செம்புக் கம்பி லைன் வைத்திருந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அதில் டிஐடி வரவே வராது. அந்த லைனை சர்வரில் செருகும் எஃப்எக்ஸ்ஓ கார்டின் ஒவ்வொரு சேனலுக்கும் ‘டாடி சேனல் டிஐடி’ பக்கத்தில் நாமே ஒரு எண்ணை எழுதிவிட்டு, அதே எண்ணுக்கு ரூட் போட்டால் முடிந்தது.