ஞானஸ்நான புக்குல ஓரமா ஒரு வரி

போன தடவ ஊர் திருவிழாவுக்குப் போயிருந்தப்ப ப்ளஸ் டூ முடிச்ச ரெண்டு பிள்ளைங்க தயங்கித் தயங்கி வந்து, சிஸ்டர், அதாவது கன்னியாஸ்திரி ஆகுறதுக்கு எத்தனை வருஷம் ஆகும், என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டாங்க. பத்து நிமிஷத்துல சொல்லிறலாம்னுதான் ஆரம்பிச்சேன், சப்பரம் கிளம்பி தெரு சுத்தி வந்தும் முடியல. அதான் உக்காந்து டைப் பண்றேன். நான் இருக்குறது பிரான்சிஸ்கன் வழியில, அதாவது அசிசி புனித பிரான்சிஸ் வழியில வந்த ஒரு சபை, பேரு இங்க வேணாம். எனக்கு மொத்தம் பத்து வருஷம் ஆச்சு, 2013ல இருந்து 2023 வரைக்கும்.

முதல்ல பேப்பர். ஞானஸ்நான சர்டிபிகேட், உறுதிபூசுதல் சர்டிபிகேட், பங்குச்சாமியார் லெட்டர், மார்க் ஷீட், மெடிக்கல், அப்பா அம்மா சம்மதம். இதுல ஞானஸ்நான சர்டிபிகேட் வீட்டு பீரோல இருக்குற பழசு ஆகாது, புதுசா எடுக்கணும். ஏன்னா கோயில்ல ஞானஸ்நானம் பதியுற பெரிய புக்குல நம்ம பேருக்கு நேரா ஓரத்துல ஒரு கட்டம் இருக்கும், பின்னாடி கல்யாணம் ஆனா அதை அங்கதான் எழுதுவாங்க, சோ அது காலியா இருக்குன்னு சாமியார் எழுதிக் குடுத்தாதான் நமக்கு கல்யாணம் ஆகலங்கிறதுக்கு சாட்சி. என் கேஸ்ல கட்டம் காலியாதான் இருந்துச்சு, பேருதான் தப்பு. புக்குல ஒரு எழுத்து, ஸ்கூல் டிசில ஒரு எழுத்து. ரெண்டும் ஒரே ஆளுதான்னு தனியா ஒரு லெட்டர் வாங்க மூணு நாள் அலைஞ்சேன்.

அதை விட பெரிய அலைச்சல் வீட்டுல. அப்பா ஒரு மாசம் என்கூட பேசல. "பொட்டப்பிள்ளைய மடத்துக்கு நேந்து விடவா வளத்தேன்"னு அம்மாகிட்ட கத்துவாரு, எனக்குக் கேக்கணும்னே கத்துவாரு. கடைசில அப்பத்தாதான், "போயிப் பாக்கட்டும்டா, பிடிக்கலன்னா பஸ் ஏறி வந்துறப் போறா, டவுன் பஸ்ஸா இல்ல"ன்னு முடிச்சு வச்சுச்சு.

மே மாசம் பத்து நாள் கம் அண்ட் சீ கேம்ப், அப்புறம் ஒரு வருஷம் கேண்டிடேட், ஒரு வருஷம் போஸ்டுலன்சி, ரெண்டுமே மடத்துல தங்கிப் பழகுற ஆரம்பப் படிங்க. இத பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல. காலைல நாலே முக்காலுக்கு மணி, ஜெபம், பூசை, மாட்டுக் கொட்டகை, இங்கிலீஷ் கிளாஸ், அழுகை. பதினாலு பேரு சேர்ந்தோம், முதல் வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் குடுக்குற வாக்கு, அதைக் குடுக்குறப்ப ஒம்போது பேரு. போன அஞ்சு பேர்ல ஒருத்தியை அவ ஊர்ல இன்னமும் "மடத்துல இருந்து ஓடி வந்தவ"ன்னு சொல்றாங்களாம், கேட்டா எனக்கு கோவமா வரும். இத்தனை வருஷம் வச்சிருக்குறதே நீங்களும் வேணாம்னு சொல்லலாம், சபையும் வேணாம்னு சொல்லலாம்னுதான், அவ ஓடி வரல, யோசிச்சு வந்தா.

அடுத்தது நாவிஷியேட், வார்த்தைப்பாட்டுக்கு முந்தின பயிற்சி, எங்களுக்கு ரெண்டு வருஷம். திருச்சபை சட்டப்படி இதுல பன்னெண்டு மாசம் நாவிஷியேட் வீட்டுலயே இருக்கணும், பதினஞ்சு நாளுக்கு மேல வெளிய இருந்தா அந்த நாளை எல்லாம் பின்னாடி ஈடு கட்டணும், மூணு மாசத்தைத் தாண்டிட்டா அந்த நாவிஷியேட்டே செல்லாது, திரும்ப ஒண்ணுல இருந்து. போன் கிடையாது. அந்த வருஷம்தான் அப்பத்தா செத்துப் போச்சு. மூணு நாள் விட்டாங்க, மண்ணு போட்டுட்டு வந்துட்டேன். திரும்பி வர்றப்ப அதே டவுன் பஸ்தான்.

ரெண்டாவது வருஷம் கொஞ்சம் வெளிய அனுப்புவாங்க. முதல்ல ஊட்டி கூட்டிட்டுப் போனாங்க. பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரினு உலகம் பூரா இருக்குற சபை 1877 ஜனவரி 6 அன்னைக்கு ஆரம்பிச்சது நம்ம ஊட்டிலன்னு எனக்கு அது வரைக்கும் தெரியாது. மேரி ஆஃப் தி பேஷன்னு பிரான்ஸ்ல நாந்த் ஊர்ல பொறந்த அம்மா, 1865ல வேற சபை சிஸ்டரா மதுரை பக்கம் வந்தவங்க, உள்ளுக்குள்ள பிரச்சனை ஆகி, பிரிஞ்சு வந்த சிஸ்டர்ஸோட மலை ஏறிட்டாங்க. பிரான்சிஸ்கன் மூணாம் சபையில அவங்க சேர்ந்தது 1882லதான். 2002ல முத்திப்பேறு பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, குடுத்தாங்க. இதை எங்களுக்குப் பயிற்சி குடுக்குற மிஸ்ட்ரஸ் சிஸ்டர் சொல்றப்ப குளிர்ல பல்லு தந்தி அடிக்குது, எனக்கு மனசுல நின்னது ஒண்ணுதான், இவங்களும் முதல்ல போன எடத்துல நிலைக்கலயே, இவங்களை மட்டும் யாரும் ஓடி வந்தவன்னு சொல்லலயே.

அப்புறம் ஒரு தொழுநோய் இல்லத்துல மூணு மாசம். பிரான்சிஸ் சாகுறதுக்கு முன்னாடி எழுதி வச்ச சாசனம் ஆரம்பிக்கிறதே தொழுநோயாளிங்களைப் பத்திதான், முன்னாடி அவங்களைப் பாக்குறதே கசப்பா இருந்துச்சு, அவங்ககூட இருந்தப்புறம் அந்தக் கசப்பே இனிப்பா மாறிடுச்சுன்னு. வகுப்புல அதை மனப்பாடமா சொல்வேன். அங்க போன முதல் நாள் ஒரு தாத்தா காலை பிளாஸ்டிக் பேசின்ல ஊற வச்சிருந்தாரு. தண்ணில ஊறுன பிறகு காய்ச்சுப் போன தோலை மெதுவா உரசி எடுத்துட்டு, எண்ணெய் தடவி, புண்ணுக்கு கட்டுப் போடணும். அதுல உணர்ச்சி கிடையாது, முள்ளு குத்தினாலும் தெரியாது, அதனாலதான் புண்ணு ஆறவே ஆறாது, மெத்து மெத்துன்னு தனியா ரப்பர் செருப்பு வேற குடுப்பாங்க. அந்தப் பழைய கட்டைப் பிரிச்சதும் ஒரு வாடை வந்துச்சு பாருங்க, மூச்சைப் பிடிச்சுட்டு முகத்தை லேசா அந்தப் பக்கம் திருப்பிட்டு கைய மட்டும் நீட்டி வேலை பாத்தேன். தாத்தா சொன்னாரு, "தாயி, எனக்குக் கால்லதான் உணர்ச்சி இல்ல, கண்ணு நல்லாத் தெரியும்."

அன்னைக்கு ராத்திரி சாப்பிட முடியல, வாடையினால இல்ல. மறுநாள் அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு போனா அவரு ரேடியோவுக்கு பேட்டரி வாங்கித் தர முடியுமான்னு கேக்குறாரு. எனக்கு இனிப்பா மாறுச்சான்னு கேட்டா பொய் சொல்ல மாட்டேன், கடைசி வரைக்கும் அந்த வாடை பழகல, முகத்தைத் திருப்பாம இருக்க மட்டும் பழகிட்டேன்.

2017ல முதல் வார்த்தைப்பாடு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல், பிரான்சிஸ்கன் கயித்துல இருக்குற மூணு முடிச்சு இதுக்குத்தான். இது ஒரு வருஷத்துக்குத்தான், வருஷா வருஷம் கைப்பட லெட்டர் எழுதிக் கேட்டு புதுப்பிக்கணும், எனக்கு ஆறு வருஷம் அப்படிப் போச்சு. நடுவுல ஜி.என்.எம் நர்சிங் படிக்க வச்சாங்க, பிறகு ஒரு கிராமத்து டிஸ்பென்சரி. இங்கதான் யாரும் சொல்லித் தராத ஒண்ணு நடந்துச்சு. பிரான்சிஸ் தன்னோட ஆளுங்களை சின்னவங்கன்னுதான் கூப்பிட்டாரு, யாருக்கும் மேல இருக்கக் கூடாதுன்னு. நம்ம ஊர்லயோ இந்தச் சேலையைக் கட்டுனதும் பெரியவங்க ஆயிடுறோம். பஸ்ல சீட்டு, கல்யாண வீட்டுல முதல் பந்தி, எழுபது வயசுப் பாட்டி சேரை விட்டு எந்திரிச்சு "தோத்திரம் சிஸ்டர்"ங்கும். முதல் லீவுக்கு வீட்டுக்குப் போனேன், அப்பா வாசல்ல நின்னு "வாங்க சிஸ்டர்"னாரு. வெளயாட்டுக்குன்னு நினைச்சேன், ஆனா அப்புறம் வாங்க போங்கதான். அந்த ஒரு மாசம் பேசாம இருந்ததே தேவலாம்னு தோணுச்சு.

நித்திய வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது சாகுற வரைக்குமான வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடி உயில் எழுதணும், இது நிறைய பேருக்குத் தெரியாது. நாட்டுச் சட்டப்படியும் செல்லுற மாதிரி இருக்கணும். வெள்ளைப் பேப்பர்ல எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்து போட்டாலே போதும், ஆனா எனக்குப் பயம், பத்திரம் எழுதுறவர்கிட்ட போயிட்டேன். அவரு கண்ணாடிக்கு மேல பாத்து, "என்னம்மா, இந்த வயசுல உயிலா, உடம்புக்கு ஏதும்..."னு இழுத்தாரு. சொத்து என்னன்னு கேட்டாரு. பங்கு பிரிக்காத மொளகாக் காட்டுல வரப் போற ஒரு பங்கு, அதுவும் அண்ணனுக்கு எழுதுங்கன்னேன். சிரிச்சுட்டு ஃபீஸ் வாங்கல.

2023ல நித்திய வார்த்தைப்பாடு, பீடத்துக்கு முன்னாடி குப்புறப் படுத்திருக்க, மேல புனிதர்கள் பிரார்த்தனை பாடுறாங்க, எனக்கு தரை சில்லுன்னு இருந்ததுதான் நினைவு இருக்கு. அதுக்கப்புறம் லீவுல ஊருக்குப் போனப்ப பங்குச்சாமியார் ஆபீசுக்கு வரச் சொன்னாரு, சபைல இருந்து லெட்டர் வந்துருக்காம், அந்த ஞானஸ்நான புக்குல ஓரத்துல எழுதணுமாம். அப்பாவும் கூட வந்தாரு. கல்யாணம் எழுதுற அதே காலிக் கட்டத்துல நித்திய வார்த்தைப்பாடு, தேதி, எடம், ஒரே வரி, மை காயுற வரைக்கும் சாமியார் ஊதிட்டே இருந்தாரு. அப்பா கண்ணாடியை மாட்டிட்டு விரலை வச்சு வரி வரியா வாசிச்சாரு, ரொம்ப நேரம் வாசிச்சாரு. அப்புறம் என் பக்கம் சாஞ்சு சாமியாருக்குக் கேக்காம மெதுவா, "ஆத்தா, இதுல என் பேருலயும் ஒரு எழுத்து தப்பா இருக்கு, நீயே கேளேன்"னாரு.