காலிக் கூடும் என் நோட்டுக் கணக்கும்

மாடியில் படர்ந்திருக்கிற கொடிக்குள் கொண்டைக்குருவி கட்டிய கூட்டில் முந்தாநாள் வரை மூன்று முட்டை இருந்தது. இன்று காலை எட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கூடு கலையவில்லை, ஓட்டுத்துண்டுகூடக் கீழே கிடக்கவில்லை, யாரோ கையால் அள்ளிக்கொண்டு போன மாதிரி அவ்வளவு சுத்தம். வீட்டில் ஒருவர் பாம்பு என்றார், இன்னொருவர் காக்கா என்றார். நானும் ரொம்ப நாள் இப்படித்தான், கூடு கிடக்கிற கோலத்தை வைத்தே திருடன் யாரென்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டருகே கேமரா வைத்துப் பார்த்தவர்களின் ஆய்வுகளைப் படித்த பிறகு அந்தத் துப்பறியும் வேலையை விட்டுவிட்டேன். வெவ்வேறு பிராணிகள் ஒரே மாதிரி கோலத்தில் கூட்டை விட்டுப் போகின்றன, ஒரே பிராணியே ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி விட்டுப் போகிறது.

பார்க்கிற கூடுகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். மொத்தம் எத்தனை கூடு, அதில் எத்தனையில் குஞ்சு பறந்தது, வகுத்தால் வெற்றி விகிதம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் வெற்றி என்று வந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: நான் பார்த்த கூடுகளில் பெரும்பாலானவற்றை, தாயும் தகப்பனும் அலகில் புழுவோடு ஒரே புதருக்குள் திரும்பத் திரும்ப நுழைவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அதாவது முட்டைப் பருவத்தைத் தாண்டி ஏற்கெனவே பிழைத்துவிட்ட கூடுகள். முதல் முட்டை வைத்த மூன்றாம் நாளே பறிகொடுத்த கூடு என் கண்ணில் படவே இல்லை, நோட்டிலும் ஏறவில்லை.

இந்த ஓட்டையை 1961-இல் எடுத்துக்காட்டி வழியும் சொன்னவர் அமெரிக்காவின் ஹரால்ட் மேஃபீல்ட். பறவை ஆய்வு அவருக்குத் தொழில் இல்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கிர்ட்லண்ட் வார்ப்ளர் என்ற சின்னப் பறவையின் கூடுகளைக் கவனித்தவர் அவர். கூடுகளை எண்ணாதே, கூடுகளை எத்தனை நாள் பார்த்தாய் என்று எண்ணு என்றார். ஒரு கணக்குக்காக, பத்துக் கூடுகளை நான் பார்த்த நாட்களை எல்லாம் கூட்டினால் 100 வருகிறது, அதில் ஐந்து கூடு அழிந்தது என்று வைத்துக்கொள்வோம். என் பழைய கணக்கில் பாதி வெற்றி. மேஃபீல்ட் கணக்கிலோ நூறு நாளுக்கு ஐந்து இழப்பு, அதாவது ஒரு கூடு ஒரு நாளைத் தாண்ட 95 சதவீத வாய்ப்பு. நல்லாத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முட்டையில் தொடங்கிக் குஞ்சு பறக்க 25 நாள் ஆகும் என்றால் அந்த 0.95-ஐ 25 தடவை பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய 28 சதவீதம். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திறந்த கிண்ணம் போலக் கூடு கட்டுகிற சின்னப் பறவைகளுக்குப் பெரிய எமன் மழையோ பசியோ இல்லை, முட்டையையும் குஞ்சையும் தின்ன வரும் பிராணிகளின் வேட்டைதான். மரப்பொந்தில் முட்டையிடுபவை பொதுவாக இதில் தப்பிக்கின்றன. இரை கொண்டு வருகிற ஒவ்வொரு நடையும் கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் சில பறவைகள் குறைவாக முட்டையிடுகின்றன என்று பறவை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949-இல் எழுதினார். இந்த ஆபத்தைப் பறவைகள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரையை விழுங்கிய குஞ்சு அப்படியே திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கும். மெல்லிய தோல்பையில் கட்டிய மாதிரி வெள்ளையாக எச்சம் வெளியே வரும், தாய் அதைக் கீழே விழ விடாமல் அலகில் கவ்விக்கொண்டு தூரமாகப் போய்ப் போடும், சில சமயம் விழுங்கியேவிடும். கூட்டுக்கடியில் எச்சம் குவிந்தால் அதுவே விலாசம் ஆகிவிடுமே.

தூக்கணாங்குருவிக் கூடுகளை எண்ணுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். ஆண் பாதிக் கூட்டை, தலைகீழாகத் தொங்கும் தொப்பி மாதிரி, பின்னி வைத்துவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெட்டை வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மிச்சத்தைக் கட்டும். சம்மதிக்காவிட்டால் அந்தப் பாதி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளில் குடும்பம் நடத்துவதும் உண்டு. மரத்தில் இருபது கூடு தெரிந்தால் இருபது ஜோடி என்று எழுதுவது சுத்த அபத்தம்.

சரி, என் கொண்டைக்குருவிக்கு வருவோம். ஒரு ஈட்டு முட்டைகள் மொத்தமும் போனால் பல பறவைகள் உடனே அடுத்த கூட்டுக்குக் கிளம்பிவிடும். இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் குஞ்சு பறந்தால், கூட்டுக் கணக்கில் அது மூன்றில் ஒன்று, அந்த ஜோடிக்கோ அந்தப் பருவம் வெற்றி. எந்தக் கூடு எந்த ஜோடியுடையது என்று அடையாளம் தெரிய காலில் வளையம் மாட்டாமல் இதெல்லாம் சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்து வைதம் காட்டில் 1947 முதல் பட்டாணிக் குருவி இனத்தை விடாமல் கவனிக்கிறார்கள். அங்கே குஞ்சு பறந்ததோடு கணக்கு முடிவதில்லை, அது பிழைத்து மறுவருஷம் திரும்பி வந்து கூடு கட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். சின்னப் பறவைகளின் குஞ்சுகளில் பெரும்பாலானவை அந்த முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை.

போன வருஷம் இதே கொடியில் ஒரு கூடு கடைசிவரை வந்தது. பறக்கத் தயாராகிற நேரத்தில் போட்டோ எடுக்கிறேன் என்று நான் போனைக் கிட்டக் கொண்டுபோக, இரண்டு குஞ்சும் பயந்து குதித்துவிட்டன. ஒன்றிரண்டு நாள் முன்கூட்டியே. அந்தக் கடைசி நாட்களில் கிட்டே போகவே கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மறுநாள் சாயங்காலம் வேலிக்குள் ஒன்றுக்குத் தாய் இரை ஊட்டுவதைப் பார்த்தேன், மற்றதைக் காணோம். நோட்டில் அந்தக் கூட்டுக்கு நேரே வெற்றி என்று எழுதி, அடித்து, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.