சீசன் முடியட்டும்

மே 26, 2025, திங்கள்

எங்கள் மாங்கூழ் ஆலையின் எடை மேடை கம்ப்யூட்டர் காலை ஆறரைக்கே நின்றுவிட்டது. மேடை மேல் லாரி நிற்கிறது, திரையில் பூஜ்யம். பின்னால் கேட்டைத் தாண்டி சர்வீஸ் ரோடு வரைக்கும் மாங்காய் வண்டிகள். டிரைவர்கள் ஹாரன் அடிக்க, செக்யூரிட்டி அண்ணன் எனக்குப் போன் அடிக்க, நான் பல் தேய்த்துக்கொண்டே கிளம்பினேன்.

எடைப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு எண் வருவது இன்னும் ஒன்பது பின் சீரியல் கேபிளில்தான். இப்போதைய கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே இல்லை, அதனால் யூஎஸ்பி மாற்றி. லோடு லாரி ஏறி இறங்கும் அதிர்ச்சியில் அது தளர்கிறது. யாராவது பிடுங்கி வேறு ஓட்டையில் செருகுகிறார்கள். விண்டோஸ் அதைப் புது ஆளாக எண்ணி காம் 5 என்ற போர்ட் எண்ணைக் கொடுக்கிறது. எடை மென்பொருளோ காம் 3-ஐயே பார்த்துக்கொண்டிருக்கிறது. எண்ணை காம் 3-க்குத் திருப்பி வைத்து, கேபிளை டேக் போட்டு இறுக்கி, மீதி யூஎஸ்பி ஓட்டைகளுக்கு டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.

அந்த மெஷினை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து ரொம்ப நாளாகிறது. அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நிற்கப் போகிறது. அந்த பழைய பிராசஸரில் 11 ஏறாது. "ஓடுதில்ல தம்பி?" என்றார் எம்.டி. சார். ஓடுகிறது.

மே 28, புதன்

சர்வரில் மூன்றாவது டிஸ்க், ஆரஞ்சு விளக்கு.

மே 29, வியாழன்

நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட், நாலிலும் பிரித்து எழுதும் ரெய்டு 5 முறை. ஒன்று போனால் தாங்கும். இரண்டாவது போனால் மொத்தமும் போச்சு. நாலும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே வயசு, ஒரே சூட்டில் ஓடியவை. ஒன்று விழுந்தபின் மற்ற மூன்றையும் எப்படி நம்புவது?

எம்.டி. சாரிடம் போய்ச் சொன்னேன். கட்டிலுக்கு ஒரு கால் போயிடுச்சு சார், மூணு காலில் படுத்திருக்கோம் என்றேன். சிரித்தார். சீசன் முடியட்டும், இப்போ ஒவ்வொரு ரூபாயும் மாங்காயில் நிக்குது என்றார். அவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் சீசனில்தானே அந்த சர்வரில் எழுத்து விழுகிறது? எந்த விவசாயி, எந்த வண்டி, எவ்வளவு எடை, எந்தத் தொட்டி, எந்த டிரம். ஒரு வருஷத்து வியாபாரம் முழுக்க இந்த ரெண்டு மாசத்தில் எழுதப்படுகிறது.

இன்றிலிருந்து ராத்திரி பேக்கப்பை இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுக்கிறேன். ஒன்று ஆபீஸ் பீரோவில், ஒன்று என் பையில் வீட்டுக்கு.

ஜூன் 1, ஞாயிறு

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இடது கண்ணில் புரை நன்றாக முத்திவிட்டதாம், இனித் தள்ளக்கூடாதாம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் 12-ஆம் தேதி ஆபரேஷன். லென்ஸ் பவர் பார்க்க அளவு எடுத்தார்கள். கூட ஒரு ஆள் கட்டாயம் இருக்கணும் என்றார் நர்ஸ்.

திரும்பும்போது காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் நிப்பட்டு வாங்கினாள். சில்லறையைத் தடவிப் பார்த்து எண்ணினாள். ஐந்து ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மூன்று போன். லேப் பிரிண்டர், எம்.டி. சார் பையனின் லேப்டாப், மறுபடி லேப் பிரிண்டர்.

ஜூன் 4, புதன்

காலையில் பயோமெட்ரிக்கில் பழத்தோல் பிசின் ஒட்டிய விரல்கள் ஒன்றும் ஏறவில்லை, லைனில் நிற்கும் பெண்கள் எல்லோரும் பஞ்ச் விழாமல் நேரம் போகுதே என்று என்னைப் பார்க்க, ஆளுக்கொரு ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி அப்படியும் ஏறாதவர்களின் நேரத்தை நோட்டில் எழுதி வாங்கி மதியம் கையால் ஏற்றினேன், அதற்குள் டிஸ்பாட்ச்சில் லேபிள் பிரிண்டர், கணக்கு அக்காவின் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை மெஷினுக்குத் தெரியவில்லை, கேன்டீனில் கேமரா படம் வரவில்லை, விருந்தாளிக்கு வைஃபை பாஸ்வேர்டு, டேலி ஒரு ஆளுக்கு மட்டும் மெதுவாக.

வேலை சொல்ல ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாரும் எழுத மாட்டார்கள். "கம்ப்யூட்டர் தம்பி எங்கே?" என்று தளத்தில் கத்தினால் போதும்.

பெண்களுக்கு ஒரு நிமிஷச் சம்பளமும் குறையவில்லை, மாலையில் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

இன்று நல்ல நாள்.

டிரம் சப்ளையரிடமிருந்து கணக்கு அக்காவுக்கு மெயில். பேங்க் மாறிவிட்டது, இனி இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்கள், அவசரம். லெட்டர்பேட், முத்திரை, பழைய பில் நம்பர் எல்லாம் சரியாக இருந்தது. அக்கா தொகையைப் போட்டுவிட்டு, அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எதுக்கும் ஒரு தடவை பாரேன்."

முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். m வரவேண்டிய இடத்தில் r, n இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சாதாரண அளவில் கண்ணுக்கே தெரியாது. மெயிலில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, போன வருஷ பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தோம். அவர்கள் பேங்கே மாற்றவில்லை. யாரோ அந்தப் பக்கத்து மெயிலுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேங்க் விவரம் மாறினால் பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு பைசா போகக்கூடாது என்று எழுதி அக்கவுண்ட்ஸ் சுவரில் ஒட்டினேன். அதற்குக் கீழே 1930. பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே அடிக்கவேண்டிய சைபர் கிரைம் நம்பர். நேரம் கடந்தால் பணம் கை மாறிக்கொண்டே போய்விடும்.

அக்காவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நீங்க கூப்பிட்டதால்தான் தப்பித்தோம்க்கா என்றேன். உண்மையும் அதுதான்.

ஆரஞ்சு விளக்கு அப்படியே.

ஜூன் 9, திங்கள்

சென்னைத் துறைமுகத்துக்குப் போகவேண்டிய கண்டெய்னர் கேட்டில். சரக்கு வண்டிக்கான ஈ-வே பில் எடுக்கும் போர்ட்டல் ஓடிபி கேட்கிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி எம்.டி. சார் போனுக்குப் போகிறது. சார் திருப்பதியில் தரிசன வரிசையில். போன் லாக்கரில்.

டிரைவர் தன் வண்டி நிழலில் படுத்துவிட்டார். மாலை நாலரைக்குச் சார் போன் எடுத்தார். பில் வந்தது, வண்டி கிளம்பியது. டிஸ்பாட்ச்காரருக்குத் தனி சப்-யூசர் போட்டு அவர் நம்பரையே பதிந்துவிட்டால் இந்தக் கூத்தே இல்லை என்று ஏப்ரலிலேயே சொல்லியிருந்தேன். இன்று ராத்திரி சாரே போன் செய்து, அதைப் போட்டுடு என்றார். பத்து நிமிஷ வேலை.

ஜூன் 11, புதன்

விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஜிஎஸ்டிஆர்-1, கடைசி நாள். பதினொரு மணிக்கு நெட் செத்தது. ரோட்டில் ஜேசிபி தோண்டுகிறது, ஃபைபர் அறுந்துவிட்டது. கம்பெனிக்காரன் 'ஆள் வர்றாங்க சார்' என்பதையே மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தான். 4ஜி ரூட்டரை மாடிப்படி ஜன்னலில் கட்டி, அக்கவுண்ட்ஸுக்கும் எடை மேடைக்கும் மட்டும் லைன் திருப்பினேன். மற்றவர்கள் திட்டினார்கள். ரிட்டர்ன் போய்விட்டது.

ஆறு மணிக்கு லீவு லெட்டரைத் திருப்பித் தந்தார்கள். "நீ போனா யாரு பாக்குறது?"

நாளை நெட் வருமா என்று எனக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதுக்கென்னப்பா, கண்ணு எங்க போயிடப் போவுது" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

போகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஃபைபர் சரியானது. ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி கேட்டேன். ஜூலை 3.

ஜூன் 17, செவ்வாய்

சந்தூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர், பெங்களூரா மாங்காய், சின்ன யானை வண்டியில். எடை மேடையில் மென்பொருள் தொங்கி, ரசீது வரவில்லை. அவர் மேடையை விட்டு வண்டியை இறக்க மாட்டேன் என்றுவிட்டார். பின்னால் இருந்த டிரைவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. கிலோ அஞ்சு ரூபாய்க்கு வந்து நிற்கிறது. பறிகூலி, வண்டி வாடகை கழித்தால் மரத்துக்கு மருந்து அடித்த காசுகூட மிஞ்சாது. பறிக்காமல் மரத்திலேயே விட்டவர்கள் இருக்கிறார்கள், ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். இந்த விலையில் பத்து கிலோ குறைந்தால் அவருக்கு அது ஒரு டீயும் பஸ் டிக்கெட்டும். அவர் கொண்டுவந்த எடை மெஷினில் இருக்கிறதா இல்லையா என்று கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

"எழுதினது அழிஞ்சிருமா தம்பி?"

அழியாதுங்க ஐயா என்றேன். மென்பொருளை மூடித் திறந்தேன். பதிவு இருந்தது. இரண்டு பிரதி அடித்துக் கொடுத்தேன். அவர் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், இன்னொன்றை இடுப்பில் செருகினார்.

மூன்று டிஸ்க்கை நம்பி 'அழியாது' என்று சொல்லிவிட்டு வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். பேக்கப்பிலிருந்து இன்றைய எடைப் பதிவுகளை வேறொரு மெஷினில் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் திரும்ப வருகிறது. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மாதாந்திரப் பராமரிப்பு, கரண்ட் கட். ஜெனரேட்டர் எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைக்கூட யூபிஎஸ் தாங்கவில்லை. பேட்டரி உப்பியிருக்கிறது. பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கம் சர்வர் ரூம் வைத்தால் பேட்டரி எத்தனை நாள் உயிரோடிருக்கும்? ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஏசியை ராத்திரி யாரோ மிச்சம் பிடிக்க அணைத்துவிட்டுப் போகிறார்கள். பழ ஈ வேறு, நெட்வொர்க் ஸ்விட்ச் ஃபேன் முழுக்க.

சர்வர் மறுபடி எழுந்தது. எழும்பும்வரை மூச்சு விடவில்லை.

ஜூன் 23, திங்கள்

கூழ் வாங்கும் வெளிநாட்டு கம்பெனிக்காக ஆடிட். ஆடிட்டர் கிடங்கில் ஒரு டிரம்மைக் கை காட்டினார். 215 கிலோ பெங்களூரா கூழ், பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, 14-க்கு மேல். இது எந்தத் தோட்டத்துப் பழம், நாலு மணி நேரம் தருகிறேன் என்றார். நாற்பது நிமிஷத்தில் டிரம்மிலிருந்து லாட், லாட்டிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து அன்றைய எடை ரசீதுகள், விவசாயிகள் பெயர், ஊர், எல்லாம் மேசையில் வைத்தோம். லேப் தம்பி கூட நின்றான், கெட்டிக்காரன்.

பிறகு ஆடிட்டர் சர்வர் ரூமைப் பார்க்கக் கேட்டார். ஆரஞ்சு விளக்கைப் பார்த்தார். "இது போனால்?" என்றார். நான் எம்.டி. சாரைப் பார்த்தேன்.

மாலையில் டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டாயிற்று. யூபிஎஸ் பேட்டரிக்கும். அப்போதே கேட்டுவிட்டேன். டிஸ்க் நாலு இருக்கு சார், ஒண்ணு போனாலும் ஓடுது. நான் ஒருத்தன்தான் சார். டிப்ளமோ முடிச்ச ஒரு பையனைப் போடுங்க, நான் சொல்லிக் கொடுக்கிறேன். பார்க்கலாம், சீசன் முடியட்டும் என்றார்.

ஜூன் 26, வியாழன்

பெங்களூருவிலிருந்து பார்சல். பிரித்தால் சாஸ் டிஸ்க், வேறு வகை இணைப்பு. நான் எழுதிக் கொடுத்தது சாட்டா, மாடல் நம்பரோடு. செருகவே முடியாது. திருப்பி அனுப்பினேன். கோபத்தில் யாரிடமும் பேசவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை 142. நல்லது.

ஜூன் 30, திங்கள்

சரியான டிஸ்க். முதலில் முழு பேக்கப், அதைத் திறந்து சரிபார்த்தேன், அப்புறம்தான் பழையதை உருவினேன். புது டிஸ்க்கில் தகவலைத் திரும்ப நிரப்பும் ரீபில்ட் இரவு 9.20-க்குத் தொடங்கியது. இந்த நேரம்தான் பயம். மீதி மூன்றையும் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தாகவேண்டும், பலவீனமான டிஸ்க் இப்போதுதான் விழும்.

11 மணி, 8%. ஆபீஸிலேயே படுக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலை 37%. மதியம் 52%. எடை மேடை ஓடிக்கொண்டே இருப்பதால் மெதுவாகப் போகிறது. நிறுத்தச் சொல்ல முடியாது, வண்டிகள் நிற்கின்றன.

இரவு 81%.

ஜூலை 2, புதன்

விடிகாலை முடிந்தது. நாலும் பச்சை. எம்.டி. சாருக்கு மெசேஜ் போட்டேன், கட்டைவிரல் வந்தது.

லீவு எழுதிக் கொடுக்கவில்லை, சொல்லிவிட்டேன். நாளை காலை ஆறு மணிக்கு அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருப்பேன், மதியம் வரை போன் எடுக்க மாட்டேன், லேப் தம்பியிடம் சாவி இருக்கும். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி என்றார்.

லேப் தம்பிக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எடை பூஜ்யம் காட்டினால் கேபிளைப் பிடுங்காதே, மென்பொருளை மூடித் திற. நெட் போனால் ஜன்னல் ரூட்டர், வெள்ளை வயரை இரண்டாம் ஓட்டைக்கு மாற்று. ஏசியை யார் சொன்னாலும் அணைக்காதே. டிஸ்க் விளக்கு நிறம் மாறினால் எதையும் தொடாதே, ஆஸ்பத்திரி ரிசப்ஷன் நம்பர் கீழே இருக்கிறது, அங்கே அடித்து என்னைக் கூப்பிடு.