எந்த டேபிளில் விட்டார்கள்?

அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொன்ன பதில் பொய் இல்லை. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைகள், வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனவர்கள். 2021 நவம்பர் முதல் தேதிதான் அவர்களுக்குப் பள்ளி திறந்தது. ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். சிலேட்டில் எழுதிப் பழக வேண்டிய வயதில் கல்வித் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டவர்கள், 2023 ஜூனில் என்னிடம் நான்காம் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். ஆகவே, "மூன்று வருஷமாக ஏன் டீச்சர் ஒருத்தரும் சொல்லவில்லை?" என்று அவர் கேட்டபோது, "எல்லாம் கொரோனாவால் வந்ததுதான்" என்று நான் சொன்னதில் தப்பேதும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் அவர் கேட்டது அது இல்லை. பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஏன் யாரும் சொல்லவில்லை என்றுதான் கேட்டார்.

அவருடைய மகள் வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிறவள். குரல் கணீரென்று இருக்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வியப்புக்குறி வந்தால் வியந்து, பாடத்தை வாசிப்பாள். மற்றதுகளும் இப்படி வாசித்தால் என்ன குறைந்துவிடும் என்றுகூட நினைத்திருக்கிறேன். விரலைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. வாய் மூன்றாவது வரியில் இருந்தது. விரல் இரண்டாவது வரியின் நடுவில் ஊர்ந்துகொண்டிருந்தது. பாடம் முடிந்ததும் விரல் அவசரமாகக் கடைசி வரிக்குத் தாவியது. அதே பாடத்தில் ஒரு வாக்கியத்தை எடுத்து, சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதி, வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தில் இருந்தபடியே வாசித்தாள், அதே கணீர்க் குரலில். வகுப்பு சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் தனியே கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தேன். க, ம, ப எல்லாம் தெரிந்திருந்தது. துணைக்கால் வரை சமாளித்தாள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். ‘கொ’வையும் ‘கே’வையும் ‘கை’யையும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றி மாற்றிச் சொன்னாள். என் முகத்தில் விடை இருக்கிறதா என்று தேடுவதில் அவளுக்கு அத்தனை பழக்கம். இன்னொருவர் ஒரு பாடத்தை இரண்டு முறை வாசிக்கக் கேட்டுவிட்டால் அது அவளுக்கு மனப்பாடம். அந்த ஞாபகசக்தியில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

மூன்றாம் வகுப்பு வரை இந்த ஞாபகசக்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பாட்டு, படம், எல்லோரும் சேர்ந்து சொல்வது என்று வகுப்பு நடக்கும். சேர்ந்து சொல்லும் குரலுக்குள் எந்தப் பிள்ளையும் ஒளிந்துகொள்ளலாம். நான்காம் வகுப்பில் பத்திகள் நீளும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கேள்வியைத் தானே வாசித்து, விடையைத் தானே தேடி எழுத வேண்டும். கணக்கில்தான் முதலில் குட்டு உடையும். "ஒரு பெட்டியில் 24 சோப்புக் கட்டிகள். 15 பெட்டிகளில் எத்தனை?" என்று கொடுத்தால், இரண்டு எண்களைப் பொறுக்கி எடுத்துக் கூட்டி 39 என்று எழுதி வைத்திருப்பார்கள். கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் எழுந்து வந்து, "டீச்சர், இது கூட்டலா, பெருக்கலா?" என்று கேட்கும். பெருக்கல் என்று சொல்லிவிட்டால் 360 என்று சரியாகப் போட்டுவிடும். பிள்ளை கணக்கில் மட்டம் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு வந்துவிட்டது, வாசிப்புதான் வரவில்லை என்பதை அந்த 39 சொல்லிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜீன் சால் என்ற கல்வியாளர், மூன்றாம் வகுப்பு வரை ஒழுங்காக வந்தவர்கள் நான்காம் வகுப்பில் சரிவதைப் பற்றி எழுதியிருக்கிறார். வாசிக்கக் கற்கும் காலம் முடிந்து, வாசித்துக் கற்கும் காலம் தொடங்கும் இடம் அது என்பார். ஆசிரியப் பயிற்சியில் இதைப் படித்துப் பரீட்சை எழுதியதுண்டு. விரலைப் பார்க்க வேண்டும் என்று அதில் யாரும் சொல்லித் தரவில்லை.

பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து பழக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் கொண்டுவந்தது அந்த ஆண்டில்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து உட்கார வைக்க வேண்டும். அவளை அரும்பில், அதாவது கீழ் நிலையில், உட்கார வைத்தேன். இதை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் எனக்கும் தலைமையாசிரியைக்கும் பேச்சு வந்தது.

"சொல்லி என்ன ஆகப் போகிறதம்மா? அவர்களால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியுமா? பிள்ளையை அடிப்பார்கள், இல்லையென்றால் வந்து டி.சி. கேட்பார்கள். நீயே சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார வை. வருஷம் முடிவதற்குள் வந்துவிடும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த நிலையில், தன் கைக்காசில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கித் தந்தவர். டி.சி. என்று அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால்தான் மூன்றாவது ஆள். எங்களிடம் இருந்தது 63. மூன்று பேர் போனால் எங்களில் ஒருவருக்குப் பணிநிரவல், அதாவது வேறு பள்ளிக்கு மாற்றம். ஒரு பிள்ளையின் வாசிப்பை மூன்று ஆசிரியர்களின் வேலைக் கணக்கோடு சேர்த்துத்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது கேவலமாகப் படவில்லை. இப்போதும் முழுக்கப் படவில்லை. ஆள் குறைந்தால் இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அதில் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

இருந்தும் சொன்னேன். அந்த அம்மாவை வரச் சொன்னேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை அவருக்கு. அரை ஷிப்டோடு வந்திருந்தார். முன்தலை முடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. "ராத்திரி தினமும் எனக்கு வாசித்துக் காட்டுவாளே டீச்சர். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் சமைப்பேன்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. புத்தகத்தைப் பிரித்து, நடத்தாத பாடம் ஒன்றை எடுத்து வைத்தேன். பிள்ளை முதல் சொல்லைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையை வெளியே போகச் சொல்லிவிட்டு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "எங்கள் கம்பெனியில் ஒரு பீஸ் டேமேஜோடு பேக்கிங் வரைக்கும் போய்விட்டால், எந்த டேபிளில் விட்டார்கள் என்று கேட்பார்கள் டீச்சர். கொரோனா என்று சொன்னால் விடமாட்டார்கள்" என்றார்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றிலிருந்து மூன்று வரை அந்தப் பிள்ளையை வைத்திருந்தவர் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரைக் கேட்டிருந்தால், மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பார்க்க முடியுமா என்று அவர் கேட்டிருப்பார். நியாயம்தான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் இந்த ஓட்டை தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறுத்தி வைத்திருந்தால் அவள் அதே பாடங்களை இன்னும் நன்றாக மனப்பாடம் செய்திருப்பாள், அவ்வளவுதான்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்றுதான்: எத்தனை மார்க், கையெழுத்து ஏன் இப்படி இருக்கிறது, சேட்டை செய்கிறானா. மூன்றுக்கும் நான் சந்தோஷமாகப் பதில் சொல்லிவிடலாம், பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பதைச் சொல்லாமலேயே. அதனால் இப்போதெல்லாம் கூட்டத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நடத்திய பாடத்தை வாசிக்கச் சொல்லாதீர்கள், நடத்தாத பக்கத்தைத் திறந்து வையுங்கள். மளிகைக் கடைப் பையில் அச்சடித்திருப்பதைக் கொடுங்கள், ரேஷன் கடைப் பலகையைக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். தனியார் பள்ளியில் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். என் மகன் படித்தது எந்தப் பள்ளியில் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஆகவே அதை விட்டுவிடுவோம். நான்காம் வகுப்பில் அவன் ஆங்கிலப் பாடத்தைத் தண்ணீர் பட்ட பாடாக வாசிப்பான். என்னடா கதை என்றால் திருதிருவென்று விழிப்பான்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த அம்மாவுக்கு இது எதற்கு உதவும்? மளிகைப் பையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பிள்ளை எதைச் சொன்னாலும் சரியென்று கேட்டுக்கொண்டு சமைப்பார். இந்த யோசனை யாருக்குப் பயன்படுமோ அவர்களுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. மற்றவர்களுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

சொன்னதால் நல்லது நடந்ததா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் கை தூக்குவதை விட்டுவிட்டாள். வீட்டிலும் வாசித்துக் காட்டுவதில்லையாம். சாயங்காலம் உட்கார வைத்துக் கொம்பிலிருந்து ஆரம்பித்தோம். அரையாண்டுப் பரீட்சை தாண்டியபோது எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி, அவளாகவே வாசிக்கத் தொடங்கினாள். விரலும் வாயும் ஒரே இடத்தில் இருந்தன. எனக்கு அது பெரிய சந்தோஷம். அந்த அம்மா வந்து, "முன்னே எவ்வளவு அழகாக வாசிப்பாள், இப்போது இப்படி ஆகிவிட்டாளே டீச்சர்" என்றார். இதுதான் நிஜமான வாசிப்பு என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியாது. மே மாதம் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு மாற்றுகிறோம் என்றார். திருப்பூரில் வீடு மாறாத குடும்பம் எது? அதுவே காரணமாக இருக்கலாம். தலைமையாசிரியை ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த வருஷமும் நான்காம் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். குரல் அவ்வளவு கணீரென்று இல்லை, ஆனால் விரல் அதே மாதிரிதான் தாவுகிறது. ஜூன் கடைசியிலேயே பார்த்துவிட்டேன். அவன் அப்பாவை ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்ட் முதல் தேதி இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள், இப்போது நாங்கள் சரியாக 61. ஜூலையில் ஆர்டர் நெருக்கடி, லீவு கொடுக்கமாட்டார்கள் என்று அவரும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.