படபடப்புக்கு மருந்து கேட்கப் போனேன்

படபடப்பு, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை. இந்த மூன்றோடுதான் பொது மருத்துவரிடம் போனேன். மனநலம் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை. இ.சி.ஜி. சரியாக இருந்தது. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்த்தார்கள், எதிலும் குறையில்லை. முன்பு வேறோர் இடத்தில் இதே கட்டத்தில் "டென்ஷனைக் குறையுங்கள்" என்ற அறிவுரையும் தூக்க மாத்திரைக்கு ஒரு சீட்டும் கிடைத்தன. டென்ஷனைக் குறைக்கத் தெரிந்தவன் எதற்கு மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறான்?

இந்த மருத்துவர் அறிக்கைகளை மூடி வைத்துவிட்டு, "இதெல்லாம் எப்போதிலிருந்து?" என்றார். சொன்னேன். "அதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா?" என்றார். அதையும் சொன்னேன். இரவில் நடந்த சாலை விபத்து. நான் பின் இருக்கையில் இருந்தேன். காரை ஓட்டிய நண்பன் அங்கேயே இறந்துவிட்டான். இரண்டு மூன்று வாக்கியங்களில், யாருக்கோ நடந்ததைப்போலச் சொல்லி முடித்தேன். அவர் மேற்கொண்டு துருவவில்லை. "விவரம் இப்போது வேண்டாம். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்கிறேன். ஆம், இல்லை என்று சொன்னால் போதும்."

கெட்ட கனவோ வேண்டாத நினைவோ வந்ததா? அதை நினைக்காமலிருக்கவோ நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கவோ பாடுபட்டீர்களா? எப்போதும் உஷாராக, சட்டென்று திடுக்கிடும் நிலையில் இருக்கிறீர்களா? மனிதர்களிடமிருந்தும் செய்யும் வேலைகளிலிருந்தும் விலகி மரத்துப்போனதுபோல் உணர்கிறீர்களா? நடந்ததற்கு உங்களையோ பிறரையோ குற்றம் சொல்வதை நிறுத்த முடியாமல் தவிக்கிறீர்களா?

மூன்றாவது கேள்வியின்போதுதான் கவனித்தேன்: கதவு கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது திருப்பினேன் என்று தெரியவில்லை. நான்காவது கேள்விக்கு என் மகளின் பள்ளி விழா நினைவுக்கு வந்தது. அவள் பரிசு வாங்கியபோது எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். உள்ளே ஒன்றுமே அசையவில்லை. ஐந்தாவதற்குப் பதில் சொல்லச் சற்று நேரமானது. அன்றிரவே கிளம்பலாம் என்று சொன்னது நான்தான் என்பதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஐந்துக்கும் ஆம். இதை வைத்தே நோய் என்று முடிவுகட்டக் கூடாது, அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதற்கான அறிகுறிதான் இது என்று விளக்கினார். அடுத்தது 20 கேள்விகள் கொண்ட படிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. 31 முதல் 33-க்கு மேல் போனால் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்கிறார்கள். நான் அதைத் தாராளமாகத் தாண்டியிருந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு எளிதாக மதிப்பெண் வாங்கிய தேர்வு வேறில்லை. அதன் பிறகு மது எவ்வளவு, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்றும் கேட்டார். சுற்றி வளைக்காமல், ரத்த அழுத்தம் கேட்கும் அதே குரலில் கேட்டதால் உண்மையான பதிலைச் சொல்ல முடிந்தது.

இந்தப் பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. போர்வீரர்களுக்கு வருவது என்றே நானும் எண்ணியிருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக மக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிப்பட்ட அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். ஆனால் வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கோளாறுக்கு ஆளானவர்கள் சுமார் 3.9 சதவீதம். பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடுகிறது. ஒரு மாதத்துக்கு மேலும் தொல்லைகள் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால்தான் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள்.

ஆறாமல் போவது ஏன் என்பதற்கு மருத்துவர் சொன்ன விளக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டியது. அந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன். பிறகு இரவில் காரில் ஏறுவதை விட்டேன். அப்புறம் பகலிலும். நண்பனின் வீட்டார் அழைத்தால் போனை எடுப்பதில்லை. இதையெல்லாம் நான் தேறிவருவதன் அடையாளமாகவே கருதிக்கொண்டிருந்தேன்; நினைப்பு வரும் வாய்ப்புகள் குறைந்திருந்தனவே! அவரோ, "ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் நிம்மதி கிடைக்கிறது அல்லவா? அந்த நிம்மதிதான் அது ஆபத்தான இடம் என்று மூளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது" என்றார்.

வழிகளை முன்னால் வைத்துவிட்டு முடிவை என்னிடம் விட்டார். பேச்சு வழிச் சிகிச்சைக்குத்தான் முதலிடம் என்றார். மாத்திரையும் உண்டு, இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். தூக்க மாத்திரையை மட்டும் மறுத்துவிட்டார். பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை இந்தக் கோளாறுக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சிகிச்சை வழிகாட்டிகள் சொல்கின்றன. பழக்கமாகிவிடும், நோயின் வேரைத் தொடாது. மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் செர்ட்ராலின் என்ற மாத்திரை 25 மில்லிகிராமில் தொடங்கி, பின்னர் 50 ஆனது. முதல் சில நாட்கள் குமட்டலும் வயிற்றுப்போக்கும் இருந்தன. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் தொடர்ந்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் மாத்திரைகள் குப்பைத் தொட்டிக்குத்தான் போயிருக்கும்.

பேச்சு வழிச் சிகிச்சையை அதே மருத்துவமனையில் இருந்த உளவியல் ஆலோசகர் நடத்தினார். நினைவை நேருக்கு நேர் சந்திக்கும் இந்த முறை வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள் வரை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம்கூடப் போகும். பொது மருத்துவ இடங்களுக்காகவே 4 முதல் 6 அமர்வுகள், தலா 30 நிமிடம் என்று சுருக்கிய வடிவம் ஒன்று இருக்கிறது. எனக்குக் கிடைத்தது அதுதான்.

நடந்ததை, இப்போது நடந்துகொண்டிருப்பதாக எண்ணி எழுத வேண்டும். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, உடலில் உணர்ந்தது எல்லாம் வர வேண்டும். முதல் முறை எழுதியது அரைப் பக்கம். விபத்து அறிக்கை மாதிரி இருந்தது. ஆலோசகர் அதைப் படித்துவிட்டு, "வண்டி நின்ற பிறகு உங்கள் வாயில் என்ன இருந்தது?" என்றார். விசித்திரமான கேள்வி என்று நினைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கண்ணாடித் தூள். பற்களுக்கிடையே நெறுநெறுவென்று. அதன் பிறகு எழுத்து நிற்கவில்லை.

எழுதியதை வீட்டில் அன்றாடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கூடவே தவிர்த்தவற்றின் பட்டியல் ஒன்று. ஒவ்வொன்றும் எவ்வளவு கலங்கடிக்கும் என்று 0 முதல் 100 வரை மதிப்பிட்டு, குறைந்ததிலிருந்து ஏற வேண்டும். நின்றிருக்கும் காரின் பின் இருக்கையில் உட்காருவது முதல் படி. படபடப்பு தணியும்வரை இறங்கக் கூடாது என்பதே விதி. கேட்கச் சிரிப்பாக இருக்கும்; அன்று சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

ஆரம்பத்தில் கனவுகள் அதிகமாயின. "இருந்த தூக்கமும் போய்விட்டதே, இது தேவைதானா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த அமர்வுக்கு அவளையும் அழைத்துப் போனேன். சிலருக்கு முதலில் இப்படிக் கூடும், பெரும்பாலும் தணிந்துவிடும் என்று ஆலோசகர் அவளிடமே விளக்கினார். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். இடையில் செவிலியர் போன் செய்து விசாரித்தது எனக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது.

திரும்பத் திரும்பப் படித்ததில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அன்று மாலைப் பேச்சு முழுவதும் ஒழுங்காக நினைவுக்கு வந்தது. கிளம்பலாமா என்று நான் கேட்டது உண்மை. ஆனால் காலையில் போகலாம் என்று பிறகு நானே மாற்றிச் சொன்னேன். ராத்திரியில்தான் சாலை காலியாக இருக்கும் என்று சாவியை எடுத்தவன் அவன். இத்தனை நாளும் முதல் பாதி மட்டுமே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. துக்கம் குறையவில்லை. சொல்லப்போனால், அவனுக்காக அழத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

அந்த 20 கேள்விப் படிவத்தில் 10 மதிப்பெண் குறைந்தாலே அதைக் கணிசமான முன்னேற்றமாகக் கொள்கிறார்கள். எனக்கு அதைவிடக் கூடுதலாகவே குறைந்து, இப்போது எல்லைக்குக் கீழே இருக்கிறது. பூஜ்யம் இல்லை. பிரேக் கிரீச்சிட்டால் இன்னும் திடுக்கிடுகிறேன். ஆனால் இரவில் நானே காரை ஓட்டுகிறேன். இந்தச் சுருக்க முறை பலிக்காதவர்களுக்கும், தற்கொலை எண்ணம் போன்ற ஆபத்து உள்ளவர்களுக்கும் சிறப்பு மருத்துவர்களிடம் அனுப்பும் ஏற்பாடு உண்டு. அங்கே எண்ணங்களைச் சீர்தூக்கும் 12 அமர்வுச் சிகிச்சை, 1980-களின் இறுதியில் ஃபிரான்சின் ஷாபிரோ உருவாக்கிய கண்ணசைவுச் சிகிச்சை என வேறு வழிகளும் இருக்கின்றன.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று சென்ற முறை கேட்டேன். நலம் நிலைத்த பின்னும் ஓராண்டு போகட்டும், பிறகு சிறிது சிறிதாகக் குறைக்கலாம், நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள் என்றார் மருத்துவர். விபத்து நடந்த தேதியை ஒட்டி என் கோப்பில் ஒரு சந்திப்பையும் இப்போதே குறித்து வைத்திருக்கிறார்.