கோலிஸ்டினுக்கு டிஸ்க் வைக்காதீர்கள்

சேலத்து லேப் நண்பர்களுக்கு: ஐசியூவில் வரும் கிளெப்சியெல்லா பாக்டீரியா, கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கான கோலிஸ்டினுக்கு அடங்காமல் போவதில் அடிக்கடி சிக்குவது எம்ஜிஆர்-பி ஜீன். கிருமியின் வெளிச்சவ்வை மாற்றும் ஃபோபி-ஃபோக்யூ அமைப்புக்கு அதுதான் கடிவாளம். இன்செர்ஷன் சீக்வென்ஸ் (இடம் மாறித் தாவும் டிஎன்ஏ துண்டு) ஒன்று நடுவில் புகுந்து அந்த ஜீனை உடைத்தால் போதும். வெளிச்சவ்வின் லிப்பிட்-ஏ என்ற கொழுப்புப் பகுதியில் அமினோ அரபினோஸ் என்ற சர்க்கரை ஏறி, எதிர்மின்னூட்டம் குறைகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட கோலிஸ்டினுக்குப் பிடிமானம் போய்விடும்.

மருந்து தோய்த்த காகித வில்லையை அகாரில் (கிருமி வளர்க்கும் ஜெல்) வைத்துப் பார்க்கும் டிஸ்க் டெஸ்ட்டில் இது தெரியாது. கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது. அடங்காத கிருமிக்கும் ‘சென்சிட்டிவ்’ என்று ரிப்போர்ட் போய்விடும், நோயாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. அகாரில் மருந்துப் பட்டை வைக்கும் ஈ-டெஸ்ட்டையும் நம்ப வேண்டாம். ப்ராத் மைக்ரோடைல்யூஷன் (திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) செய்யுங்கள், பாலிசார்பேட் (மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டாமலிருக்கச் சேர்ப்பது) சேர்க்காமல். எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவு) 4 மைக்ரோகிராம்/மிலி அல்லது மேல் என்றால் ரெசிஸ்டன்ட். 2 வந்தாலும் சிஎல்எஸ்ஐ (அமெரிக்க லேப் தரநிலை அமைப்பு) ‘இன்டர்மீடியட்’ என்றே எழுதச் சொல்கிறது.

ஏற்காட்டிலிருந்து சாம்பிள் அனுப்புவோருக்கு: ஆன்டிபயாடிக் போடும் முன்பே ரத்தம் எடுங்கள், பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8-10 மிலி, இரண்டு இடங்களிலிருந்து. பிளட் கல்ச்சர் பாட்டில் அறை வெப்பத்திலேயே இறங்கட்டும், ஃபிரிட்ஜ் கூடாது. சிறுநீர் மட்டும் 2 மணி நேரத்துக்குள் சேலம் வந்துசேராது என்றால் ஐஸ் பெட்டியில்.