11 பரவாயில்லை

முதல் சந்திப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது லைஃப் கோச் மேடம் தன் நோட்டை என் பக்கம் திருப்பினார். ஓரத்தில் பென்சில் கோடுகள். நான்கு நெட்டைக் கோடு, குறுக்கே ஒன்று. மறுபடியும் அதே மாதிரி. அப்புறம் தனியாக ஒரு கோடு.

"இது என்ன மேடம்?"

"ஒரு மணி நேரத்தில் நீங்க 'பரவாயில்லை' சொன்ன தடவை. பதினொண்ணு."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, மும்பை மாட்டுங்காவின் பூக்கடைகளைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தேன். டிக்கெட் கவுண்டரிலிருந்து ஸ்டேஷன் மேனேஜர் வரை 2017 முதல் பெண்களே நடத்தும் ஸ்டேஷன் அது. முலுண்டு போகும் ஸ்லோ வண்டி இரண்டு வந்து போயின. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் 11-ல் ஒன்று, எனக்குப் பின்னால் சேர்ந்து என்னிடமே வேலை கற்றுக்கொண்ட பையன் எனக்கு மேலதிகாரி ஆனதைப் பற்றிச் சொன்னபோது வந்தது. இன்னொன்று, அப்பா இறந்த வாரத்தில் இரண்டே நாளில் ஆபீசுக்குத் திரும்ப வேண்டியிருந்ததைச் சொன்னபோது. மற்றவை என்னென்ன என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். கிட்டத்தட்ட எல்லாமே நினைவுக்கு வந்தன.

நான் மும்பை விமான நிலையத்தின் சகார் ஏர் கார்கோவில், சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் ஆபீசில் வேலை பார்க்கிறேன். 17 வருடமாகக் கையில் இருந்தது ஹெச் கார்டு. அதை வைத்துக்கொண்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகளைப் பார்க்கலாம், சரக்கைப் பரிசோதனைக்குக் காட்டலாம், எல்லா வேலையும் செய்யலாம். கையெழுத்து மட்டும் போட முடியாது. அதற்குப் பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்க வேண்டும். இறக்குமதிச் சரக்குக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி ஆவணத்தில் எங்கே தப்பு வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பரீட்சைக்கு அனுப்பச் சொல்லி ஒரு தடவைகூட ஆபீசில் வாய்விட்டுக் கேட்டதில்லை.

லைஃப் கோச் என்றால் மேடையில் மைக் பிடித்து "உன்னால் முடியும்" என்று சொல்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மேடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் வைத்திருந்ததெல்லாம் நான்கு கேள்விகள்: உங்களுக்கு என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, அதில் எதை எப்போது செய்யப் போகிறீர்கள். 'குரோ' என்று இதற்குப் பெயர். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் பிரிட்டனில் பரப்பிய முறை இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லவே எனக்கு இரண்டு சந்திப்பு பிடித்தது.

அதற்கு ஒரு காரணம் மொழி என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் நான் இங்கிலீஷில்தான் பேசினேன். ஆபீஸ் வார்த்தைகள் வரிசையாக வந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லாத பதில்கள். மூன்றாவது சந்திப்பில் அவர், "தமிழ்ல சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சமாதானம் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசியில், "என் பேர் போட்டு நானே கையெழுத்துப் போடணும்," என்றேன்.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. "கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாம கேட்கிற ஆள் யாரையாவது பக்கத்துல இருந்து பார்த்திருக்கீங்களா?"

அப்பா.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுவாள். ஆறு மணிக்குள் அலுமினியத் தூக்கு, சட்னி வாளி, சாம்பார் கேன் எல்லாம் சைக்கிளில் ஏறிவிடும். ஹாரனை அமுக்கிக்கொண்டே சயான், வடாலா என்று போவார். எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. பள்ளி லீவில் நானும் பின்னால் நடப்பேன். உளுந்து விலை ஏறிய ஒரு மாதம், அவர் ஒவ்வொரு வாடிக்கைக்காரரிடமும் நின்று, முகத்தைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த இந்தியில், அடுத்த திங்கள்கிழமையிலிருந்து தட்டுக்கு ஒரு ரூபாய் அதிகம் என்று சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை, உளுந்து விலையைச் சொல்லிப் புலம்பவும் இல்லை. ஒரு கட்டிடத்து வாட்ச்மேன் மட்டும் முணுமுணுத்தார். அப்பா சிரித்தபடி, "சாம்பார் நேத்து வெச்சது கிடையாது அண்ணே," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நகர்ந்தார். செவ்வாய்க்கிழமை அந்த வாட்ச்மேனும் வரிசையில் நின்றார்.

இதைச் சொல்லி முடித்ததும் மேடம் கேட்டார்: "உங்க சாம்பார் எது?"

கோச்சிங்கில் எனக்குப் பிடிக்கும் விஷயம் இதுதான். எனக்குத் தெரியாத எதையும் அவர் சொல்லித்தரவில்லை. அப்பாவின் சைக்கிள் பின்னால் நடந்த பெண்ணுக்கு அந்த ஞானம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. நடுவில் எங்கேயோ கீழே வைத்துவிட்டு வந்திருந்தேன். யாராவது ஒருவர் பொறுமையாகக் கேட்டு, பேசாமல் காத்திருந்தால் அது திரும்பக் கைக்கு வருகிறது.

சரி, இதைப் படித்துவிட்டு யாரிடமாவது போகலாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கஸ்டம்ஸ் ஆவணத்தில் கையெழுத்துப் போட எனக்கு ஒரு கார்டு வேண்டும். நம் நாட்டில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் வேண்டாம். அதனால் விசாரித்துப் போங்கள். 1995-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தரும் அடிப்படைச் சான்றிதழுக்கே குறைந்தது 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரம் கோச்சாக இருந்த அனுபவமும் வேண்டும். அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மூன்று மாதத்தில் வாழ்க்கையை மாற்றிக் காட்டுகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, கோச் டாக்டர் அல்ல. அப்பா போன பிறகு வாரக்கணக்கில் தூக்கமில்லை என்று நான் சொன்ன அன்றே மேடம் பேச்சை நிறுத்தினார். "இது என் வேலை இல்லம்மா. முதல்ல டாக்டரைப் பாருங்க," என்று சொல்லி, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்: 14416. தமிழிலும் பேசலாம். டாக்டரைப் பார்த்து, தூக்கம் சரியான பிறகுதான் மீதிச் சந்திப்புகளுக்குப் போனேன். அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஆபீசில் போய்க் கேட்டேன். அப்பா மாதிரி, முகத்தைப் பார்த்து, இரண்டே வரியில். "இந்தத் தடவை ஜி கார்டு பரீட்சைக்கு என் பேரை அனுப்புங்க சார். படிக்க சனிக்கிழமை லீவு வேணும்." அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க கேட்டதே இல்லையே," என்றார். ஐந்து மாதம் முலுண்டு ரயிலில் நின்றபடியே டாரிஃப், அதாவது சுங்க வரிப் பட்டியல், படித்தேன். பாஸானேன். முதல் கையெழுத்து, ஒரு மருந்துக் கம்பெனிச் சரக்கு. அந்த நகலை அம்மாவிடம் காட்டினேன்; இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் என் பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

சந்திப்புகள் எட்டோடு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நோட்டு ஓரத்தில் கோடு போடும் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. சில நாள் ஒன்று, சில நாள் நான்கு.

வருகிற ஞாயிறு தம்பி வீட்டுக்குப் போகிறேன். அம்மா இனி யாரோடு இருப்பது என்று பேச வேண்டும். இத்தனை வருடம் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பரவாயில்லை சொல்லிக் கடந்திருக்கிறேன். இந்தத் தடவை முதலில் அம்மாவிடம், என்ன வேணும் என்று கேட்கப் போகிறேன். கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை காத்திருக்கப் போகிறேன்.